ஆச்சியின் கறுப்பு போனை ஃபைபரில் சேர்த்த கதை, செய்முறையோடு

அம்பாசமுத்திரத்தில் ஒரு மூன்று கட்டு வீடு. முதல் கட்டில் ஊஞ்சலுக்குப் பக்கத்து மாடத்தில் கறுப்பு டெலிபோன் ஒன்று இருக்கிறது, விரலை விட்டுச் சுற்றுகிற டயல் வைத்தது. அந்த வீட்டு ஆச்சிக்கு 84 வயது. புரை அறுவை ஆன பிறகும் சின்ன எழுத்து தெரிவதில்லை. ஆனால் டயலில் எந்த ஓட்டைக்கு எந்த எண் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். போன வருஷம் தெருவைத் தோண்டியபோது மண்ணுக்குள் கிடந்த கேபிள் அறுந்தது, லைன் அதோடு போயிற்று. பிள்ளைகள் செல்போன் வாங்கிக் கொடுத்தார்கள். ஆச்சி கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் மணி நின்றுவிடும். எடுத்தாலும் கன்னம் பட்டு கட் ஆகிவிடும்.

வேறு வேலையாக அங்கே போயிருந்த என்னிடம், "தம்பி, வயரு அத்துப்போனா போனும் செத்துப்போச்சுன்னுதான அர்த்தம்?" என்று கேட்டார்கள்.

நான் 1983-ல் டெலிபோன் இலாகாவில் சேர்ந்து, கம்பத்திலும் எக்ஸ்சேஞ்சிலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் வீடு. அந்தக் கேள்விக்குச் சும்மா தலையாட்டிவிட்டு வர மனசு வரவில்லை. கருவியைத் தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். அடியில் ஐடிஐ, அதாவது இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் முத்திரை. இப்போது அதே போன் ஃபைபர் வழியாகப் பேசுகிறது. அதை உங்கள் வீட்டிலும் செய்கிற மாதிரி எழுதுகிறேன். உங்களுடையது பட்டன் போன் என்றால் வேலை பாதிதான்.

முதலில் போனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். எக்ஸ்சேஞ்சில் 2 வோல்ட் பேட்டரி செல் 24-ஐ வரிசையாக இணைத்து 48 வோல்ட் வைத்திருப்போம். அந்த டிசி கரண்டு இரண்டு செம்புக் கம்பிகளில் உங்கள் வீடு வரை வந்து காத்திருக்கும். ரிசீவரைத் தூக்கினால் சுற்று மூடிக் கரண்டு ஓடும், வோல்டேஜ் பத்துக்குப் பக்கத்தில் இறங்கும். எக்ஸ்சேஞ்ச் அதைப் பார்த்து டயல் டோன் கொடுக்கும். டயலைச் சுற்றி விட்டால் அது திரும்பும்போது கரண்டை விட்டு விட்டு அறுக்கும். 3-க்கு மூன்று தடவை, 0-க்குப் பத்துத் தடவை, செகண்டுக்குப் பத்து என்ற வேகத்தில். அழைப்பு வந்தால் சுமார் 75 வோல்ட் ஏசியை, செகண்டுக்கு 25 சுற்று வீதம் அனுப்பி மணியை ஆட்டும். இவ்வளவுதான். கம்பியின் மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறதா, உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருக்கிறதா என்று போனுக்குத் தெரியாது. இந்த நான்கையும் யார் கொடுத்தாலும் அது பேசும்.

அந்தப் பெட்டிக்கு ஏடிஏ என்று பெயர். ஒரு பக்கம் போனுக்கு எக்ஸ்சேஞ்சாக நடந்துகொள்ளும், மறுபக்கம் பேச்சைச் சின்னச் சின்னப் பொட்டலமாக்கி இன்டர்நெட்டில் அனுப்பும்.

தனிப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஃபைபர் மோடத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல மோடங்களில் டெல் அல்லது போன் என்று எழுதிய சின்ன சாக்கெட் ஒன்று இருக்கும். அதுவே ஏடிஏதான், மோடத்துக்குள்ளேயே வைத்துத் தருகிறார்கள். பிஎஸ்என்எல் செம்பு லைன் வைத்திருப்பவர்கள் பழைய எண்ணை விடாமலே ஃபைபருக்கு மாறிக்கொள்ளலாம். அம்பை வட்டாரத்து 04634 எண்ணோ, திருநெல்வேலி 0462 எண்ணோ, அதே எண் அந்தச் சாக்கெட்டில் வந்துவிடும். பட்டன் போனை அதில் செருகுங்கள், டோன் வந்தால் வேலை முடிந்தது. பீட்டல் மாதிரிப் பட்டன் போன்களில் அடியிலோ பக்கவாட்டிலோ பி (பல்ஸ், அதாவது துடிப்பு), டி (டோன்) என்று ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். அது டி பக்கம் இருக்க வேண்டும். "டோன் வருது, ஆனா நம்பர் போகல" என்று என்னைக் கூப்பிட்ட பல வீடுகளில் அந்த சுவிட்சை நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. போன் ஒயரின் முனை லேன் சாக்கெட்டிலும் நுழையும். அகலம் குறைவு என்பதால் நடுவில் உட்காரும், உட்கார்ந்து அங்கே உள்ள ஓரத்துப் பின்களை வளைத்துவிடும். எந்த ஓட்டையில் செருகுகிறோம் என்று டார்ச் அடித்துப் பார்த்துச் செருகுங்கள்.

ஆச்சி வீட்டிலும் முதலில் மோடத்தில்தான் செருகினேன். டோன் கணீரென்று வந்தது. ரிசீவரை ஆச்சி காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வந்துட்டு தம்பி, சத்தம் வந்துட்டு" என்றார்கள். சரி, சுற்றிப் பாருங்கள் என்றேன். 5-ஐச் சுற்றினார்கள். டயல் திரும்பி நின்றது, டோன் மட்டும் நிற்கவில்லை. முதல் எண் போனதுமே டோன் அற்றுவிட வேண்டும். அற்றுப்போகாவிட்டால் அந்தச் சாக்கெட்டுக்கு டயலின் துடிப்பு புரியவில்லை, பட்டன் போனின் டோன் மட்டும்தான் தெரியும் என்று பொருள். இப்படிப்பட்ட மோடங்கள் நிறைய. அழைப்பு வரும், மணி அடிக்கும், பேசலாம். ஆனால் இங்கிருந்து கூப்பிட முடியாது. வருகிற அழைப்பு மட்டும் போதும் என்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆச்சிக்கு அது போதாது. திசையன்விளையில் இருக்கும் தங்கச்சியோடு தினம் சாயங்காலம் பேசுவது அவர்கள்தான் தொடங்குகிற பேச்சு.

அதனால் தனிப் பெட்டி. நான் வைத்தது கிராண்ட்ஸ்ட்ரீம் ஹெச்டி 801, ஒரு போனுக்கானது. இரண்டு போனுக்கு ஹெச்டி 802 இருக்கிறது. எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பல்ஸ் டயலிங், அதாவது டயலின் துடிப்பை, எடுக்குமா? போன் செருகும் சாக்கெட் எஃப்எக்ஸ்எஸ் வகையா? எஃப்எக்ஸ்எஸ் என்றால் டோனும் மணியும் கொடுக்கிற பக்கம். எஃப்எக்ஸ்ஓ என்று ஒன்று உண்டு, அது எக்ஸ்சேஞ்ச் லைனை வாங்குகிற பக்கம். போனை அதில் செருகினால் ஊமையாக இருக்கும்.

பெட்டிக்கு ஒரு சிப் (SIP) கணக்கு வேண்டும், இன்டர்நெட் வழியாகப் போன் பேசுவதற்கான கணக்கு. எண், பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் முகவரி ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு. மோடத்துக்குள் இருக்கிற போன் கணக்கின் கடவுச்சொல்லைப் பொதுவாக வெளியே தர மாட்டார்கள். ஆகவே உரிமம் பெற்ற இன்டர்நெட் தொலைபேசி நிறுவனம் ஒன்றிடம் தனியாக வாங்க வேண்டும். ஆச்சியின் மகன் சென்னையிலிருந்து அப்படி ஒன்று வாங்கித் தந்தார். பழைய எண்ணுக்கு வருகிற அழைப்பைப் புது எண்ணுக்குத் திருப்பிவிட்டோம். உறவுக்காரர்கள் யாரும் புது எண் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இங்கே சட்டம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு போனை உங்கள் கணக்கில் பேச வைப்பதில் தவறில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் வருகிற ஊரார் அழைப்பையெல்லாம் இங்கே லைனிலோ சிம் கார்டிலோ இறக்கி உள்ளூர் அழைப்பாக விடுவது குற்றம். சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் என்று வழக்கு வரும். யாராவது மாச வாடகை தருகிறேன், உங்கள் வீட்டில் ஒரு பெட்டி வைத்துக்கொள்கிறேன் என்று வந்தால் உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது இணைப்பு. பெட்டியின் லேன் சாக்கெட்டிலிருந்து மோடத்தின் லேன் சாக்கெட்டுக்கு ஒரு கேபிள், போன் சாக்கெட்டில் போன், அப்புறம் அடாப்டர். அமைப்பு வேலைக்கு மட்டும் ஒரு பட்டன் போனை இரவல் வாங்கிச் செருகுங்கள், ஏனென்றால் சுற்றுகிற டயலில் நட்சத்திரக் குறி கிடையாது. நட்சத்திரத்தை மூன்று தடவை அமுக்கினால் பெட்டி இங்கிலீஷில் பேசும். 02 அமுக்கினால் தன் ஐபி முகவரியைச் சொல்லும். 192.168 என்று தொடங்கும் அந்த எண்ணை, அதே வைஃபையில் உள்ள போனிலோ கம்ப்யூட்டரிலோ பிரவுசரில் அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். நுழையும் கடவுச்சொல்லைப் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் பாருங்கள். உள்ளே போனதும் அதை மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்ட பெட்டிக்குள் வெளியாள் புகுந்து வெளிநாட்டுக்குப் பேசிவிட்டால் பில் உங்கள் தலையில் விழும்.

சிப் சர்வர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் அதற்கான கட்டத்தில் நிரப்பிச் சேமித்து, பெட்டியை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். நிலைப் பக்கத்தில் பதிவாகிவிட்டது என்று வந்தால் கணக்கு சரி. கோடெக் (பேச்சை எண்களாக மாற்றும் முறை) என்ற இடத்தில் பிசிஎம்ஏ முதலில் இருக்கட்டும். ஜி.711 ஏ-லா என்பதும் அதுதான். இந்தியாவில் எக்ஸ்சேஞ்சுகள் பேசுகிற அதே முறை. பேச்சுக்கு மட்டும் செகண்டுக்கு 64 கிலோபிட், பொட்டலத்தின் உறையெல்லாம் சேர்த்தாலும் ஒரு திசைக்கு நூறு கிலோபிட்டுக்குள்தான். ஃபைபருக்கு அது தூசு. 8 கிலோபிட்டில் அடக்குகிற ஜி.729 என்றும் ஒன்று உண்டு. காது மந்தமானவர்களுக்கு அதை வைக்காதீர்கள், எழுத்துகள் மழுங்கிக் கேட்கும்.

இனி டயல். இதில்தான் எனக்கு ஒரு நாள் பிடித்தது.

பல்ஸ் டயலிங் என்ற இடத்தில் ஆம் போடுங்கள். பக்கத்திலேயே எந்த நாட்டு முறை என்று கேட்கும். பொது முறையையே வையுங்கள். நியூசிலாந்தில் டயல் எண்கள் தலைகீழ், அங்கே 1 சுற்றினால் ஒன்பது துடிப்பு போகும். அதற்காகத்தான் அந்தத் தேர்வு.

ஆச்சி போனில் 0 சுற்றினால் சில தடவை 9 என்று போயிற்று. டயல் மெதுவாகத் திரும்பியதுதான் காரணம். 0-வை முழுக்கச் சுற்றி விட்டால் அது ஒரு செகண்டில் வீடு திரும்ப வேண்டும். இங்கே ஒன்றரை செகண்டுக்கு மேல் ஆனது. திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். டயலுக்குப் பின்னால் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற ஒரு சின்னச் சுழலி இருக்கும். அதில் பல வருஷத்துப் பழைய எண்ணெய் மெழுகாகக் காய்ந்திருந்தது. பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு, ஊசி முனையில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அதற்கு மேல் விடக்கூடாது, தொடுமுனையில் எண்ணெய் பட்டால் துடிப்பே போகாது. மூடுவதற்கு முன் பத்துத் தடவை சுற்றிவிட்டேன். கிர்ர்ர் என்ற சத்தம் ஒரே சீராக வந்தது. அந்தச் சத்தத்திலேயே வேகம் சரியா என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்புறமும் அழைப்பு போகவில்லை. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடியை வைத்து ஐந்து எண் படிப்பார்கள், சுற்றுவார்கள். மறுபடியும் கண்ணாடி, மீதி எண்கள். நடுவில் ஆறேழு செகண்டு ஆகிவிடும். பெட்டியோ கடைசி எண்ணுக்குப் பிறகு நாலு செகண்டு பார்த்துவிட்டு, எண் முடிந்தது என்று அரைகுறையாக அனுப்பிவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். இப்போது எல்லா எண்ணும் சுற்றிய பிறகு அவ்வளவு நேரமும் மௌனம். ஆச்சி போன் போகவில்லை என்று வைத்துவிடுவார்கள்.

இதற்கு வழி டயல் பிளான், எண் எப்போது முடிந்தது என்று பெட்டிக்குச் சொல்கிற விதிகள். நம் நாட்டில் எஸ்டிடி கோடும் எண்ணும் முன் 0-வும் சேர்ந்தால் எப்போதும் 11 இலக்கம்தான். 0462-க்குப் பின் ஏழு, 04634-க்குப் பின் ஆறு. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்குப் பேசவும் 0 சேர்க்க வேண்டும் என்று ஆனதால், அதுவும் 11. ஆகவே, 0-ல் தொடங்கிப் பதினோரு இலக்கம் சேர்ந்ததும் காத்திராமல் அனுப்பு என்று ஒரே ஒரு விதி எழுதினேன், 112, 108 போன்ற மூன்று இலக்க எண்ணுக்கு இன்னொன்று. அந்தப் பெட்டியில் எந்த எண்ணானாலும் சரி என்பதற்கு எக்ஸ் என்ற எழுத்தைப் போட வேண்டும். 0 போட்டுப் பத்து எக்ஸ். எல்லாவற்றையும் ஏற்கிற பழைய விதியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி காத்திருக்கும். உங்கள் நிறுவனத்துக்கு 0 வேண்டாம், 91 வேண்டும் என்றால் பெட்டியே மாற்றி அனுப்பும்படி அதே இடத்தில் எழுதலாம். நோட்டில் உள்ள செல் எண்களுக்கு முன்னாலெல்லாம் பெரிய 0 ஒன்றை மார்க்கர் பேனாவில் நானே போட்டுக் கொடுத்தேன்.

இன்னொரு வசதியும் வைத்தேன். ரிசீவரைத் தூக்கி ஒன்றும் சுற்றாமல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் பெட்டியே மகள் எண்ணைக் கூப்பிடும். விழுந்து கிடக்கிறவர்கள் ரிசீவரை இழுத்துத் தள்ளினாலே போதும். தனியாக இருக்கிற முதியவர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் வையுங்கள்.

மணி சோர்வாக அடித்தால் ரிங் அதிர்வை 25-க்கு மாற்றிப் பாருங்கள். பெட்டிகள் பெரும்பாலும் 20-ல் வரும், நம் ஊர் மணிகளோ 25-க்குச் செய்தவை. ஒரே பெட்டியில் பழைய மணி போனை இரண்டுக்கு மேல் மாட்டாதீர்கள், ஆட்டுகிற பலம் அதற்கு இருக்காது. கேட்கும் ஒலியை இரண்டு மூன்று படி கூட்டலாம், அதற்கு மேல் போனால் எதிரொலி வரும். நம் குரல் அங்கே போகிறது, அவர்கள் குரல் இங்கே வரவில்லை என்றால் மோடத்தில் சிப் ஏஎல்ஜி என்ற ஒன்றை அணையுங்கள். கடிதத்துக்குள் எழுதியிருக்கிற முகவரியை உறை மாற்றுகிறவர் தப்பாகத் திருத்தி அனுப்பினால் பதில் வேறு வீட்டுக்குப் போகுமே, அந்த மாதிரிக் கோளாறு அது.

இரண்டாம் கட்டிலும் மணி கேட்க வேண்டும் என்றால் வீட்டுக்குள் ஓடுகிற பழைய போன் ஒயரையே பயன்படுத்தலாம். ஆனால் இதை மட்டும் என் சொல்லுக்காகக் கேளுங்கள். வெளியே கம்பத்திலிருந்து வருகிற டிராப் ஒயரை ரோசெட் பெட்டியில் (சுவரில் இருக்கிற போன் ஒயர் இணைப்புப் பெட்டி) இரண்டு கம்பியையும் கழற்றி, தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிய பிறகுதான் ஏடிஏ பெட்டியை வீட்டு ஒயரில் சேர்க்க வேண்டும். லைன் செத்துத்தானே கிடக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் அப்படி விட்டிருந்தார்கள். எட்டு மாசம் கழித்து யாரோ கேபிளைச் சரிசெய்ய, எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டும் பெட்டியின் வோல்ட்டும் ஒரே கம்பியில் மோதிப் பெட்டி கருகியது. கழற்றிய பிறகு வீட்டு ஒயரில் மல்டிமீட்டர் வையுங்கள், சுழியம் காட்ட வேண்டும். பெட்டியைச் சேர்த்ததும் 48-க்குப் பக்கம் காட்ட வேண்டும். ஒயர் முனையைச் சீவும்போது பெட்டியை அணைத்துவிடுங்கள். கம்பத்தின் மேல் பல்லால் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தபோது மணி வந்து நாக்கில் அடித்த அடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கீழே விழாமல் பிடித்துக்கொண்டது முருகன் புண்ணியம்.

கடைசியாக கரண்டு. பழைய லைனில் கரண்டு போனாலும் போன் பேசும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரி கொடுக்கும். இப்போது மோடம், பெட்டி இரண்டுக்கும் உங்கள் வீட்டுக் கரண்டு வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எத்தனை வீட்டுக்கு இருட்டு என்று நமக்குத் தெரியும். ரவுட்டருக்கென்று விற்கிற மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். 12 வோல்ட் வாயோடு 5 வோல்ட் யுஎஸ்பி வாயும் இருப்பதாகப் பார்த்து வாங்கினால் மோடத்துக்கு ஒன்று, ஹெச்டி 801-க்கு ஒன்று என்று ஒன்றிலேயே முடிந்துவிடும். சில மணி நேரம் தாங்கும், நாள் கணக்கில் தாங்காது. ஆகவே ஆச்சி வீட்டில் அந்தச் செல்போனையும் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். 108, 112 எண்கள் சிப் கணக்கில் போகுமா என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போகாது என்றால் பக்கத்து ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம் இரண்டின் நேரடி எண்ணையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். ஐப்பசி இடிக்கு ஃபைபர் பயப்படாது, ஆனால் கரண்டு ஒயர் வழியாக ஏறும். இடி தொடங்கினால் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு யுபிஎஸ்ஸில் ஓட விடலாம்.

எல்லாம் முடிந்ததும் ஒரு அட்டையில் ஐபி முகவரி, நிறுவனத்தின் பெயர், காத்திருக்கும் செகண்டு, ரிங் அதிர்வு, கழற்றிய ஒயர் எது என்பதையெல்லாம் எழுதி ரோசெட் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டினேன். எங்கள் காலத்தில் டிபி பெட்டி (தெருவில் வீட்டு லைன்கள் பிரிகிற பெட்டி) மூடிக்குள் எந்த ஒயர் ஜோடி யார் வீட்டுக்கு என்று சாக்பீஸில் எழுதி வைப்போம். நாளைக்கு வேறு யாராவது வந்து அதைத் திறந்தால், முதல் பார்வையிலேயே விஷயம் தெரிந்துவிடும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதவில்லை. அது ஆச்சி மகனிடம் இருக்கிறது.